கொலுப்படி ஏறிய பொறிவண்டுகள்: அடைப்பதா, அடிப்பதா, உறிஞ்சுவதா, விட்டுவிடுவதா?

அந்த வருடம் நவராத்திரி அக்டோபர் நடுவில் வந்தது. மூன்றாம் நாள் மாலை எங்கள் கொலுவில் பொம்மைகளைவிடப் பொறிவண்டுகள் அதிகம். தசாவதாரத்தில் மச்சத்தின் முதுகில் நான்கு, செட்டியார் பொம்மையின் தொந்தியில் ஒன்று, மேல்படி விளக்குச் சரத்தைச் சுற்றி எண்ணிலடங்காதவை. சுண்டலுக்கு வந்த குழந்தைகளுக்கு ஏகக் கொண்டாட்டம். ஒரு சிறுமி எண்பது வரை எண்ணிவிட்டுச் சலித்துப் போனாள். நான் செய்த தவறு, துடைப்பத்தை எடுத்தது. படிகளில் விரித்திருந்த வெள்ளை வேட்டி முழுக்க மஞ்சள் கறை. கூடத்தில் பச்சைக் குடைமிளகாயும் கெட்டுப்போன வேர்க்கடலையும் கலந்தாற்போல் ஒரு நாற்றம். அந்த வேட்டி இன்னும் பெட்டியில் இருக்கிறது, கறையும் இருக்கிறது.

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில். கொலம்பஸ் நகருக்கு வடக்கே, சோயா வயல்கள் முடிந்து வீடுகள் தொடங்கும் இடம். குடிவந்த முதல் மூன்று இலையுதிர் காலங்களில் இந்த வண்டுகளுக்கு எதிராக ஏறக்குறைய எல்லா வழிகளையும் முயன்று பார்த்துவிட்டோம். இப்போது இந்தப் பக்கம் புதிதாக வீடு வாங்கும் நம்மவர்கள் அக்டோபர் வந்தால், "நீங்கள் என்ன மருந்து அடித்தீர்கள்?" என்று கேட்கிறார்கள். மருந்தின் பெயரைச் சொல்வதற்கு முன்னால் நான் காலண்டரைப் பார்ப்பேன். ஆகஸ்டில் கேட்டால் ஒரு பதில், அக்டோபரில் கேட்டால் வேறு பதில், ஜனவரியில் கேட்டால் பேசாமல் இருங்கள் என்பதுதான் பதில்.

அப்போது ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு என் மேல் கோபம். "பொறிவண்டு நல்ல பூச்சி. பருத்திக்காட்டில் அசுவினியைத் தின்று தீர்க்கும். அதைப் போய் அடிக்கலாமா?" அம்மா சொன்னதில் பிழையில்லை. நம் ஊரில் வேளாண் அலுவலர்கள் நன்மை செய்யும் பூச்சிகளின் பட்டியலில் முதலில் சொல்வதே இதைத்தான். ஆனால் வேட்டியில் ஊர்ந்தது வேறு சாதி.

யார் இவர்கள்?

தலைக்குப் பின்னால் வெள்ளையான ஒரு பட்டை இருக்கும். அதில் கறுப்பாக ஆங்கில எழுத்து 'எம்' போல ஒரு குறி தெரிந்தால் அது ஆசியப் பொறிவண்டு. எதிரிலிருந்து பார்த்தால் அதே குறி 'டபிள்யூ'வாகத் தெரியும். அறிவியல் பெயர் ஹார்மோனியா ஆக்ஸிரிடிஸ். முதுகின் நிறத்தை வைத்து அடையாளம் காண முடியாது. வெளிர் மஞ்சளிலிருந்து கடுஞ்சிவப்பு வரை எல்லா நிறத்திலும் வரும். புள்ளியே இல்லாததும் உண்டு, பத்தொன்பது புள்ளி வைத்ததும் உண்டு.

இதன் தாயகம் ஜப்பான், கொரியா, சீனா, ரஷ்யாவின் கிழக்கு மூலை. பயிர்ப்பூச்சிகளைத் தின்னட்டும் என்று 1916-இலேயே கலிஃபோர்னியாவில் கொண்டுவந்து விட்டார்கள்; நிலைக்கவில்லை. 1970களின் கடைசியிலும் அதற்கடுத்த சில ஆண்டுகளிலும் அமெரிக்க வேளாண் துறை பல மாநிலங்களில் மறுபடி விட்டது. 1988-இல் லூயிசியானாவில் ஒரு கூட்டம் தானாக வாழ்ந்து பெருகியிருப்பது தெரியவந்தது. அது அரசு விட்டதன் வாரிசா, நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்துக்குக் கப்பலில் வந்து இறங்கியதா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அழைத்து வந்தவர்களா, தாமாக வந்தவர்களா என்ற கேள்வி குடியேறிகளாகிய நமக்கும் பழக்கமானதுதான். இதில் ஒரு வேடிக்கை உண்டு: ஒஹாயோ சட்டமன்றம் 1975-இல் பொறிவண்டை மாநிலப் பூச்சியாக அறிவித்தது. அவர்கள் மனதில் இருந்தது இந்த மண்ணின் பொறிவண்டு. ஆசியக்காரர் அப்போது இங்கே காலூன்றியிருக்கவில்லை.

வீட்டை ஏன் தேடி வருகின்றன? சொந்த மண்ணில் இவை மலைப்பாறைகளின் வெடிப்புகளில் குளிர்காலத்தைக் கழிப்பவை. இங்கே சமவெளி. தட்டையான வயல்களுக்கு நடுவே வெயில் படும் வெளிர்நிறச் சுவரோடு நிற்கும் வீடுதான் அவற்றின் கண்ணுக்குப் பாறை. சோயா அறுவடை முடிந்ததும் தின்ன அசுவினி இருக்காது. இரண்டு இரவு நன்றாகக் குளிர்ந்து, மறுநாள் இருபது டிகிரி வெயில் அடித்தால் அன்று மதியம் தெற்குச் சுவரையும் தென்மேற்குச் சுவரையும் பாருங்கள். முதலில் வந்தவை விட்டுச்செல்லும் வாசனைத் தடம் பின்னால் வருபவற்றை அதே மூலைக்கு இழுக்கும். ஒரு வருடம் வந்த வீட்டுக்கு மறு வருடமும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் சேதத்தின் கணக்கு வேண்டும். இவை மரத்தை அரிப்பதில்லை, அரிசியில் விழுவதில்லை, துணியைத் தின்பதில்லை, வீட்டுக்குள் முட்டையிட்டுப் பெருகுவதும் இல்லை. கரையானுக்குப் பயப்படுவதுபோல் பயப்பட ஒன்றுமில்லை. சீண்டினால் கால் மூட்டுகளிலிருந்து மஞ்சள் திரவத்தைக் கசியவிடும். கறையும் நாற்றமும் அதனால்தான். கனடாவின் ஒன்டாரியோவில் 2001-ஆம் ஆண்டு திராட்சையோடு சேர்ந்து இவையும் நசுங்கியதால் பத்து லட்சம் லிட்டருக்கும் மேற்பட்ட ஒயினைக் கீழே கொட்டினார்கள் என்றால் நாற்றத்தின் வீரியம் புரியும். சில சமயம் தோலைக் கவ்விப் பார்க்கும், எறும்புக்கடி அளவுகூட வலிக்காது. மெய்யான கவலை இரண்டு. ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தும்மலும் கண் எரிச்சலும் ஆஸ்துமாவும் கூடலாம். வண்டுகளை வாயில் போட்டுக்கொள்ளும் நாய்க்கு வாயின் மேலண்ணம் புண்ணாகலாம். உங்கள் வீட்டில் இந்த இரண்டும் இல்லையென்றால் உங்கள் பிரச்சினை அருவருப்பு மட்டுமே. அருவருப்புக்காக எவ்வளவு பணமும் விஷமும் செலவிடலாம் என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடைப்பது

என் வாக்கு இதற்குத்தான். இதைச் சொன்னால் கேட்பவர்கள் முகம் சுருங்குகிறது, ஏனென்றால் இது வேலை. ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி செப்டம்பர் முடிவதற்குள் செய்துவிட வேண்டும். மூன்று மில்லிமீட்டர் இடுக்கு இருந்தால் வண்டு நுழைந்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே இடுக்கு என்று கண்டுபிடிக்க எனக்கு உதவிய வழி எளியது. நல்ல வெயில் நேரத்தில் கூரைக்கடியில் உள்ள பரணில் ஏறி விளக்கை அணைத்துவிட்டு நில்லுங்கள். இருட்டுக்குக் கண் பழகியதும் எங்கெல்லாம் வெளிச்சம் ஒழுகுகிறதோ அங்கெல்லாம் வழி இருக்கிறது. எங்கள் வீட்டில் கூரை விளிம்பின் அடியிலுள்ள காற்றுத்துளைகளில் வலை கிழிந்திருந்தது. குளிர்சாதனக் குழாய் சுவருக்குள் போகும் இடத்தில் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை. இணையக் கம்பியை இழுக்க வந்தவர் துளை போட்டுவிட்டு மூடாமலே போயிருந்தார். ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே நீளமாக ஒரு கீறல், தெற்குப் பக்கம் மட்டும். அந்த ஒரு பக்கத்தை முடித்ததற்கே மறு வருடம் கண்கூடான வித்தியாசம் தெரிந்தது. எல்லாச் சுவரையும் செய்ய நேரமில்லையென்றால் தெற்கையும் மேற்கையும் மட்டும் செய்யுங்கள்.

சாமான் செலவு பெரிதில்லை. கடையில் 'கால்க்' என்று கேட்டால் தரும் அடைப்புப் பசை ஒரு குழாய் பத்து டாலருக்குள் கிடைக்கும். எங்களுக்கு ஏழு குழாய் பிடித்தது. கதவுக்கடியில் ரப்பர் பட்டை, காற்றுத்துளைகளுக்கு நெருக்கமான வலை. இரண்டு சனிக்கிழமைகள் போயின. இந்த ஊரில் இலையுதிர்காலச் சனிக்கிழமை என்பது கால்பந்து ஆட்டத்துக்கு நேர்ந்துவிட்ட நாள். பக்கத்து வீட்டுக்காரர் நான் ஏணியில் நிற்பதைப் பரிதாபமாகப் பார்த்தார்.

ஆர்வத்தில் எல்லா ஓட்டையையும் அடைத்துவிடாதீர்கள். செங்கல் சுவரின் அடிவரிசையில் நீர் வடிவதற்காக விட்ட துளைகளைப் பசையால் மூடினால் சுவருக்குள் ஈரம் தங்கும். அங்கே துருப்பிடிக்காத எஃகு இழையை லேசாகச் செருகலாம். துணி உலர்த்தும் இயந்திரத்தின் புகைவழியில் வலை கட்டவே கூடாது, பஞ்சு சேர்ந்து தீப்பிடிக்கும்.

இந்த வழியின் குறையையும் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் பலகை வேய்ந்த சுவர்களை முழுமையாக அடைக்க முடியாது. அந்தப் பலகைகள் வெயிலுக்கு விரிந்து குளிருக்குச் சுருங்கும்படி தளர்வாகத்தான் மாட்டப்பட்டிருக்கும். இரண்டாம் மாடி ஜன்னலுக்கு ஏணி ஏற எல்லோராலும் முடியாது, முதுகுவலிக்காரர்கள் முயலவும் வேண்டாம். பழைய பண்ணை வீடுகளில் அடைக்க அடைக்க இடுக்கு வந்துகொண்டே இருக்கும். ஆனாலும் இதற்குச் செலவழித்த பணம் பொறிவண்டோடு நிற்பதில்லை. இதே பருவத்தில் இதே இடுக்குகள் வழியாக வரும் நாற்றப்பூச்சியும் கொத்து ஈயும் குறைந்தன. குளிர்கால வெப்பக் கட்டணமும் கொஞ்சம் இறங்கியது. மருந்தால் ஈடுகட்ட முடியாத லாபம் இது.

காலம் தவறியவர்களுக்கு உள்பக்க அடைப்பு இருக்கிறது. வண்டுகள் சுவருக்குள் போய்விட்ட பிறகு வெளியே அடைத்தால் அவற்றை உள்ளே பூட்டியதாகிவிடும். அப்போது அறைக்குள் திறக்கும் வழிகளை மூடுங்கள்: ஜன்னல் சட்டத்தின் ஓரம், மின்விசைப் பலகையின் விளிம்பு, கூரைவிளக்கின் கிண்ணம். சுவருக்குள் இருப்பவை அங்கேயே தூங்கட்டும்.

அடிப்பது

முதல் வருடம் நாங்கள் தேர்ந்தெடுத்தது இதைத்தான். கொலுவில் வண்டு ஏறிய மறுநாளே ஒரு நிறுவனத்தைக் கூப்பிட்டோம். 250 டாலர் வாங்கிக்கொண்டு சுற்றுச்சுவர் முழுக்க அடித்துவிட்டுப் போனார்கள். வண்டுகள் அதற்குள் சுவருக்குள் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. வெளியே அடித்த மருந்து உள்ளே இருந்தவற்றை என்ன செய்யும்? தாமதமாகிவிட்டது என்று அவர்கள் சொல்லியிருக்கலாம். கேட்காதது எங்கள் தவறும்தான்.

இதற்குப் பயன்படுபவை பைஃபென்த்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பைரித்ராய்டு வகை மருந்துகள். வண்டுகள் சுவரில் வந்து உட்காரும் சமயத்துக்குச் சற்று முன்னால், எங்கள் பக்கத்தில் செப்டம்பர் கடைசி அல்லது அக்டோபர் முதல் வாரத்தில், தெற்கு மேற்குச் சுவர்களிலும் கூரை விளிம்பிலும் ஜன்னல் ஓரங்களிலும் அடித்தால் பலன் உண்டு. சீக்கிரம் அடித்தால் வெயிலும் மழையும் வீரியத்தைத் தின்றுவிடும். பிந்தினால் எங்கள் கதை. சரியான அந்தச் சில நாட்களைப் பிடிப்பது முகூர்த்தம் பார்ப்பதைவிடக் கடினம். தேனீக்கும் மீனுக்கும் இந்த மருந்துகள் கொடிய விஷம் என்பதால் சுவரோரம் பூத்த செவ்வந்தியும் கொல்லையில் குளமும் இருப்பவர்கள் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

அப்படியும் மருந்தை நான் ஒரேயடியாக ஒதுக்க மாட்டேன். மூன்று பக்கமும் சோயா வயல், அடைத்து மாளாத பழைய வீடு, உள்ளே ஆஸ்துமாக் குழந்தை என்றால் உரிமம் பெற்றவரை ஆகஸ்டிலேயே பேசிவைத்து, நாள் குறித்து, வெளிச்சுவரில் மட்டும் அடிக்கச் சொல்வதில் நியாயம் உண்டு.

வீட்டுக்குள் அடிப்பதில் எந்த நியாயமும் இல்லை. புகைக்குப்பியை வெடிக்கவிட்டால் கண்ணில் படுபவை சாகும், இடுக்கிலிருந்து அடுத்த பட்டாளம் வரும். சுவருக்குள் செத்துக் குவிந்தவற்றைத் தின்னக் கம்பள வண்டுகள் வரும். அவற்றின் புழுக்களுக்குக் கம்பளியும் பட்டும் விருந்து. நண்பர் வீட்டில் இப்படி அடித்த மறு கோடையில் அண்ணியின் காஞ்சிப் பட்டு முந்தானையில் ஓட்டைகள் விழுந்தன. அதற்கு இதுதான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், அண்ணி செய்வார்.

உறிஞ்சுவது

வண்டு கூடத்துக்கு வந்துவிட்டதா? அப்படியென்றால் வாக்குவம் கிளீனர் ஒன்றுதான் வழி. ஆனால் அப்படியே உறிஞ்சினால் இயந்திரத்தின் பைக்குள் எல்லாம் கலவரப்பட்டு மஞ்சளைக் கக்கும், அதற்கப்புறம் அந்த இயந்திரத்தை இயக்கும்போதெல்லாம் வீடு மணக்கும். இதற்கு இங்குள்ளவர்கள் சொல்லித்தந்த உபாயம் அருமையானது. ஒரு நைலான் காலுறையை உறிஞ்சுகுழாயின் வாய்க்குள் நுழைத்து, அதன் விளிம்பை வெளியே மடித்து ரப்பர் வளையம் போட்டுவிடுங்கள். வண்டுகள் காலுறையோடு நின்றுவிடும், இயந்திரத்துக்குள் போகாது. வேலை முடிந்ததும் அணைப்பதற்கு முன்பே காலுறையின் கழுத்தைப் பிடித்து இழுத்து முடிச்சுப் போட வேண்டும். அணைத்துவிட்டு இழுத்தால் பாதி வெளியே நடந்துவிடும், பட்டறிவு. பிறகு சோப்புத் தண்ணீர் வாளியில் போட்டுவிடலாம்.

இந்த வழி வருவதைக் குறைக்காது, வந்ததை அகற்றும். அக்டோபரில் தினமும் பத்து நிமிடம். இதில் விஷமில்லை, செலவில்லை, கறையில்லை. கொலு வைப்பவர்கள் விளக்கு ஏற்றுவதற்கு முன் ஒருமுறை, ஆரத்திக்குப் பின் ஒருமுறை சுற்றி வந்தால் போதும். துடைப்பத்தைத் தொடவே தொடாதீர்கள்.

கற்பூரமும் புற ஊதா விளக்கும்

இரண்டாம் வருடம் அம்மா பூஜை அலமாரியிலிருந்து கற்பூரத்தை எடுத்துத் துணியில் முடிந்து ஜன்னல்தோறும் தொங்கவிட்டார். நான் சிரித்தேன். பிறகு தேடிப் படித்தபோது சிரிப்பு போயிற்று: கற்பூரத்தின் ஆவியும் மென்தாலின் ஆவியும் இந்த வண்டுகளை விரட்டுகின்றன என்று அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்களே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால் கற்பூரம் காற்றில் கரைந்துபோகும். எங்கள் ஜன்னல்களில் சில நாட்களில் வெறும் துணிதான் மிஞ்சியது. வண்டுகள் திரும்ப வந்தன. ஒரு ஜன்னலை ஒரு வாரம் காப்பாற்றலாம், வீட்டைக் காப்பாற்ற முடியாது. தவழும் குழந்தை இருந்தால் இதையும் செய்யாதீர்கள். கற்பூரத்தை விழுங்கிய குழந்தைக்கு வலிப்பு வரும். அதோடு ஒப்பிட்டால் வண்டு ஒன்றுமே இல்லை.

புற ஊதாக் கதிர் விளக்குப் பொறி இருட்டான பரணில், வண்டு பறக்கும் அளவுக்கு வெப்பம் இருந்தால் பிடிக்கிறது. பகலில் ஜன்னல் வெளிச்சத்தோடு அதனால் போட்டிபோட முடியாது. எனக்கு வாங்கிய காசுக்குப் பெறவில்லை.

விட்டுவிடுவது

ஜனவரியில் என் பதில் இதுதான். பத்து டிகிரிக்குக் கீழே இவை அசையாமல் கிடக்கும். பரணில் கொத்தாகத் தூங்கினால் தூங்கட்டும். குளிர்காலத்தில் வெயில் அடித்த நாளில் சுவர் சூடேறி வசந்தம் வந்துவிட்டதென்று ஏமாந்து நாலைந்து ஜன்னலுக்கு வரும். அவற்றுக்குக் காலுறை இருக்கிறது. மார்ச்சிலும் ஏப்ரலிலும் மீதமிருப்பவை தாமாகவே வெளியேறத் துடிக்கும். அப்போது மேல்மாடி ஜன்னலைத் திறந்து வைத்தால் பாதி வேலை முடிந்தது. அவை எல்லாம் போன பிறகு வெளியிலிருந்து அடைக்கத் தொடங்க நல்ல நேரம்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குத் தேர்வு இன்னும் எளிது. வெளிச்சுவர் உங்களுடையதல்ல; ஜூலையிலேயே வீட்டுக்காரருக்கு எழுத்தில் சொல்லிவையுங்கள், உள்ளே ஜன்னல் ஓரங்களில் உரித்தெடுக்கக்கூடிய பசையைப் போட்டுக்கொள்ளுங்கள், ஒரு ஜோடி காலுறை வாங்குங்கள். சொந்த வீட்டுக்காரர் முதல் வருடம் தெற்குச் சுவர், அடுத்த வருடம் மேற்கு என்று போகலாம். நிறுவனம் வைத்து அடைக்கச் சொன்னாலும் தகும். அதே தொகையை ஆண்டுதோறும் மருந்துக்குக் கொடுப்பதைவிட ஒருமுறை ஓட்டைக்குக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படுகிறது.

போன நவராத்திரிக்கு அம்மா மறுபடி வந்திருந்தார். ஒன்பது நாளில் கொலுப்பக்கம் வந்தவை ஏழு. ஆறு காலுறைக்குள் போயின. ஏழாவது செட்டியார் கடையின் பருப்புக் குவியலில் ஏறி உட்கார்ந்துகொண்டது. 'எம்' எழுத்து எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அம்மா தொடவிடவில்லை.